பித்தளையின் பிரமாணம்

சாத்தூருக்கு மேற்கே, வைப்பாறு நனைக்கும் கரிசல் வெளியில், வெம்பக்கோட்டையை அடுத்து இருக்கும் தாயில்பட்டியும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும், வானம் பார்த்த பூமி கைவிட்ட காலங்களிலெல்லாம் தீப்பெட்டியையும் பட்டாசையும் நம்பி வாழப் பழகியவை. அங்கே மருந்து கலக்கும் அறையில் உட்கார்ந்து வேலை செய்பவர், ரசாயன நூல் ஒன்றையும் பிரித்துப் பார்க்காதவராயினும், அந்த சாஸ்திரத்தின் தலையாய உண்மை ஒன்றைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர். ஒரு கலவையின் சுபாவம் அதில் எந்தெந்தப் பொருள்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது மட்டுமன்று, ஒவ்வொன்றும் எத்தனை பங்கு இருக்கிறது என்பதையும் பொறுத்தது என்பதே அந்த உண்மை. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் ஒரு பிரமாணத்தில் சேர்ந்தால் புஸ்வாணமாய்ப் பூக்கும். பிரமாணம் மாறினால் அதே பொருள்கள் வெடியாகிவிடும். பெயர்கள் மாறுவதில்லை; பங்குதான் மாறுகிறது.

இந்த அறைகளில் இரும்புக் கருவிக்கு இடமில்லை. வெடிமருந்து புழங்கும் கட்டடங்களில் கருவிகள் மரத்தாலோ, செம்பாலோ, பித்தளையாலோ, அவற்றைப் போன்ற மென்மையான உலோகத்தாலோ செய்யப்பட்டிருக்கவேண்டும் என்னும் விதி, 1875-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இயற்றப்பட்ட வெடிபொருள் சட்டத்திலேயே காணப்படுவது. 1884-இல் இந்தியாவுக்கென வந்த வெடிபொருள் சட்டத்தின் கீழ் எழுந்த விதிகளும் அந்த ஜாக்கிரதையைக் கைவிடவில்லை. இதற்குக் காரணம் எளியது. இரும்பு கல்லின்மீது உரசும்போது அதிலிருந்து கண்ணுக்கு எட்டாத துணுக்கு ஒன்று பிய்ந்து தெறிக்கிறது. உராய்வால் சூடேறிய அத்துணுக்கு காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து எரிகிறது. எரியும் அந்த இரும்பையே நாம் தீப்பொறி என்கிறோம். கம்பி மத்தாப்பிலிருந்து பொன்னிறப் பூக்களாய்ச் சிதறுவதும் எரியும் இரும்புத் தூளேயாகும். குழந்தையின் கையில் அழகாய் இருக்கும் அந்த நிகழ்ச்சி, மருந்து அறையில் ஒரே ஒரு துணுக்களவில் நேர்ந்தாலும் நாசத்தை விளைவிக்கும்.

பித்தளையோ அடிபட்டால் நசுங்கும் இயல்புடையது. உராய்வில் பிறக்கும் சூட்டை விரைவாகத் தன் உடல் முழுவதும் பரப்பிவிடுவது. அதிலிருந்து துணுக்குப் பிய்ந்தாலும் அது எரியும் அளவுக்குச் சூடேறுவதில்லை. ஆயினும், பித்தளைக் கருவி தீப்பொறியைத் தடுக்குமேயன்றி, பிசகிய கலவையையோ, அளவுக்கு மீறிய உராய்வையோ, அவசரத்தையோ தடுக்காது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி, இதே வட்டாரத்து அச்சங்குளத்தில் நேர்ந்த விபத்தில் இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தத் துக்கம் ஆறாத மண்ணில் நின்று உலோகத்தின் குணத்தைப் பேசுகிறவன், பங்கும் அளவும் இங்கே ஏட்டுப் பாடம் அல்ல, உயிரைக் காக்கும் விஷயம் என்பதை மறக்க முடியாது.

பட்டாசு அறையில் காவலனாக நிற்கும் இந்தப் பித்தளையே, இன்று தென்பாண்டிச் சீமையின் காற்றாலைகளிலும், கமுதியின் பொட்டல்வெளியில் விரிந்து கிடக்கும் சூரியத் தகடுகளின் இணைப்புப் பெட்டிகளிலும், வீட்டு மாடியில் வெந்நீர் தரும் சாதனத்திலும், மாட்டுத் தொழுவத்தை அடுத்த சாண எரிவாயுக் குழாயிலும் மறைந்திருந்து வேலை செய்கிறது. அதன் எடை அந்தச் சாதனங்களின் மொத்த எடையில் மிகச் சிறிய பங்கே. எனினும் ஓர் இயந்திரம் கெடுவது பெரும்பாலும் அதன் பெரிய உறுப்புகளில் அன்று, உறுப்போடு உறுப்பு சேரும் இடத்தில்தான் என்பதை அனுபவசாலிகள் அறிவர்; பித்தளை குடியிருப்பது அந்தச் சேர்க்கைகளில்தான். ஆகவே, பித்தளை என்று பொதுப்பெயரால் நாம் வாங்குகிற உலோகத்துக்குள் என்னென்ன, எவ்வளவு இருக்கின்றன என்று அறிந்துகொள்வது, சூரியனையும் காற்றையும் நம்பி இருபத்தைந்து ஆண்டுக் கணக்குப் போடுகிற இக்காலத்துக்கு அவசியமான அறிவாகும்.

செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் கலந்தது வெண்கலம். தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் கிடைத்த வெண்கலப் பொருள்களும், 2022 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில் நடத்திய அகழாய்வில் வெளிப்பட்ட செப்புக் காசுகளும், செம்பு இந்த மண்ணுக்குப் புதிய விருந்தாளி அல்ல என்பதற்குச் சாட்சிகள். வெண்கலம் நமக்கு மிகப் பழைய உறவு. பித்தளை அதற்குப் பிந்தியது. பிந்தியதற்குக் காரணம் துத்தநாகத்தின் விசித்திரமான சுபாவம்.

செம்பு உருகுவதற்கு 1,085 டிகிரி சென்டிகிரேட் வெப்பம் வேண்டும். துத்தநாகமோ 420 டிகிரியிலேயே உருகி, 907 டிகிரியில் ஆவியாகிவிடுகிறது. அதன் தாதுவைக் கரியோடு சேர்த்து உலையிலிட்டால், உலோகம் பிறக்கும்போதே ஆவியாய்ப் பிறந்து, காற்றைக் கண்டவுடன் எரிந்து வெண்புகையாய்ப் போய்விடும். உலையின் அடியில் ஒன்றும் தங்காது. ஆகையால் முன்னோர்கள் துத்தநாகத்தைத் தனியே பிரித்தெடுக்காமல், செம்பையும் துத்தநாகத் தாதுவையும் கரியையும் குகை எனப்படும் மண்கலத்தில் மூடியிட்டுச் சுட்டு, எழும் ஆவியைச் செம்பே பருகும்படி செய்து பித்தளை ஆக்கினார்கள். அம்முறையில் செம்பு ஏறத்தாழ 28 சதவீதத்துக்கு மேல் துத்தநாகத்தை ஏற்பதில்லை.

அந்த ஆவியைப் பிடித்து அடக்கிய பெருமை இந்தியாவுக்குரியது. ராஜஸ்தானத்தில், உதயபுரியை அடுத்த ஜாவர் என்ற இடத்தில், கத்தரிக்காய் வடிவமுள்ள மண்குகைகளில் தாதுவை நிரப்பி, வாயைக் கீழ்நோக்கிக் கவிழ்த்து, மேலே நெருப்பும் கீழே குளிர்ந்த கலமுமாக அமைத்து, ஆவியைக் காற்றுப் படாமல் கீழிறக்கித் துளித்துளியாய்ச் சேகரித்தார்கள். ஓர் உலையில் 36 குகைகள் வரிசையாய் நின்றன. இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் துத்தநாகம் வடிப்பதற்குக் காப்புரிமை பெற்றது 1738-இல்தான். ஜாவர் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. துத்தநாகம் தனி உலோகமாய்க் கைக்கு வந்த பிறகே, வேண்டிய பிரமாணத்தில் அதைச் செம்போடு கலக்கும் சுதந்திரம் மனிதனுக்குக் கிடைத்தது.

அந்தப் பிரமாணத்தில் ஏற்படும் மாறுதல்கள் எத்தனை தூரம் செல்கின்றன என்பதைப் பார்ப்போம். செம்பின் அணுக்கள் ஒழுங்கான அடுக்குகளாய் அமைந்திருக்கின்றன. அந்த அடுக்குகளில் துத்தநாக அணுக்கள் செம்பணுக்களின் இடத்தில் வந்து அமர முடியும். நூற்றுக்கு ஏறத்தாழ 35 பங்குவரை துத்தநாகம் சேர்ந்தாலும் அடுக்கின் அமைப்புக் குலைவதில்லை. உலோகம் குளிர்ந்த நிலையிலேயே தகடாகத் தட்டவும் கிண்ணமாக இழுக்கவும் இணங்குகிறது. செம்பு 70, துத்தநாகம் 30 என்ற பிரமாணம் துப்பாக்கித் தோட்டாவின் உறைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது இந்த இணக்கத்தின் பொருட்டே. துத்தநாகம் அந்த எல்லையைத் தாண்டினால், வேறோர் அடுக்குமுறை உலோகத்தினுள் தோன்றுகிறது. அது வலியது, கடினமானது, குளிரில் வளையாதது, ஆனால் செந்தணலாய்ச் சூடேற்றினால் நன்றாக இளகுவது. செம்பு 60, துத்தநாகம் 40 என்ற பித்தளையைப் பர்மிங்காம் நகரத்து ஜார்ஜ் பிரெடெரிக் மண்ட்ஸ் 1832-இல் காப்புரிமை செய்து, மரக்கப்பல்களின் அடிப்பாகத்துக்குக் கவசமாக்கினார். பத்துப் பங்கு இடம் மாறியதற்குள் உலோகமே வேறொன்றாகிவிட்டது.

இவ்விரண்டோடு மூன்றாவதாகக் காரீயமும் வந்து சேர்கிறது. லேத்தில் திருகும் மரையும் கடைந்தெடுக்கும் பித்தளையில் செம்பு 61, துத்தநாகம் 36, காரீயம் 3 என்ற அளவில் இருப்பது வழக்கம். காரீயம் பித்தளையில் கரைவதில்லை. நுண்ணிய உருண்டைகளாய்ப் பிரிந்து ஆங்காங்கே தங்குகிறது. உளி படும்போது அந்த உருண்டைகள் இருக்குமிடத்தில் சுருள் முறிந்து விழுகிறது. உளியின் முனையும் வழுக்கிச் செல்கிறது. காரீயம் இல்லாத பித்தளையைக் கடைந்தால் நீண்ட சுருள் உளியைச் சுற்றிக்கொண்டு வேலையைக் கெடுக்கும். காரீயம் சேர்ந்ததைக் கடைந்தால் சுருள் பொடிப்பொடியாய் உதிரும். பட்டறையில் ஒரு கைப்பிடி கடைசலை அள்ளிப் பார்த்தே, தொழிலாளி எந்தப் பித்தளை என்று ஊகித்துவிடுவார்.

இவ்வளவு குணங்கள் பொருந்திய பித்தளைக்கு ஒரு குறையும் உண்டு. மின்சாரத்தைக் கடத்துவதில் அது செம்புக்கு வெகுதூரம் பின்தங்கியது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1913-இல் வகுத்த அளவுகோலின்படி, பதப்படுத்திய தூய செம்பின் கடத்தும் திறனை 100 என்று வைத்தால், அலுமினியத்துக்கு 61. 70-க்கு 30 பித்தளைக்கு 28. காரீயம் சேர்ந்த கடைசல் பித்தளைக்கு 26. செம்பின் ஒழுங்கான அடுக்கில் புகுந்த துத்தநாக அணுக்கள் மின்னோட்டத்துக்கு இடையூறாகின்றன என்பதே இதன் காரணம். எனவே கம்பியாகவும் சுருளாகவும் செம்பே இருக்கவேண்டும். திருகாகவும் மரையாகவும் பிடிப்பாகவும் இருக்குமிடத்தில் பித்தளை வரலாம். இந்தப் பாகுபாட்டை மனத்தில் கொண்டு காற்றாலையின் அருகே செல்வோம்.

தமிழகத்தில் மின்வலையோடு இணைந்த காற்றாலைகள் 1986-இல் தூத்துக்குடியருகே தொடங்கின. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களின் வழியே வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் தென்மேற்குக் காற்றை நம்பி, முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் எழுந்த ஆலைகள் பெருகி, மாநிலத்தின் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. சென்னையில் தலைமையிடம் கொண்ட தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் பரிசோதனை நிலையமும் கயத்தாற்றிலேயே இருக்கிறது. சாத்தூரிலிருந்து தெற்கே நெடுஞ்சாலை வழியே செல்பவர் கோவில்பட்டியைக் கடந்தபின் இருபுறமும் காண்பது இந்த ஆலைகளின் வரிசைகளையே.

பித்தளையின் இரண்டு மூலங்களும் இந்த ஆலைகளில் தனித்தனியே பெருமளவில் இருக்கின்றன. சர்வதேச எரிசக்தி முகமை 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, நிலத்தில் நிறுவும் காற்றாலைக்கு மெகாவாட் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.9 டன் செம்பும், 5.5 டன் துத்தநாகமும் தேவைப்படுகின்றன. செம்பு மின்னாக்கியின் சுருள்களிலும், மின்மாற்றியிலும், கோபுரத்தினுள் இறங்கும் கேபிள்களிலும் இருக்கிறது. துத்தநாகம் எஃகு உறுப்புகளைத் துருவிலிருந்து காக்கும் பூச்சாய் இருக்கிறது. சூரிய மின்நிலையத்துக்கும் மெகாவாட் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.8 டன் செம்பு வேண்டும். நிலக்கரி மின்நிலையத்துக்கோ 1.2 டன்னுக்கும் குறைவாகவே போதும். ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-இல் முடிவுற்ற சூரிய மின்நிலையம் 648 மெகாவாட் திறனுடையது. இக்கணக்கைக் கொண்டு பெருக்கினால் அதில் அடங்கும் செம்பு 1,800 டன்னுக்குக் குறையாது. காற்றுக்கும் வெயிலுக்கும் விலை இல்லை என்பது மெய்யே. ஆனால் அவற்றைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவரும் உலோகத்துக்கு விலை உண்டு.

செம்பும் துத்தநாகமும் ஒன்றுசேர்ந்து பித்தளையாய் நிற்குமிடம் காற்றாலையின் தலைப்பெட்டியில், முதன்மைத் தண்டைத் தாங்கும் பேரிங்கினுள் இருக்கிறது. அந்தப் பேரிங்கின் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே எஃகு உருளைகள் வரிசையாய் ஓடுகின்றன. உருளையோடு உருளை உரசினால், ஒன்றையொன்று எதிர்த்திசையில் தேய்த்துச் சீக்கிரம் அழிந்துவிடும். ஆகவே ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனி அறை வைத்த ஒரு வளையத்தை நடுவே இடுகிறார்கள். கேஜ் எனப்படும் அந்த வளையத்தைப் பெரிய பேரிங்குகளில் பித்தளை வார்ப்பைக் கடைந்தே செய்வது வழக்கம். அதன் அறையின் சுவர் ஒவ்வொன்றும் நாள் முழுதும் உருளையோடு சறுக்கிக்கொண்டே இருக்கிறது. கிரீஸ் சற்றே வற்றிய நேரத்திலும் பித்தளை எஃகைக் கடித்துப் பிடிக்காது. காற்றின் திடீர் வீச்சில் எழும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். ஈரத்தில் துருப்பிடித்துச் செந்தூளாகி உருளைகளின் பாதையில் விழாது. ஆனால் மசகுப் பொருளில் தகாத கந்தகச் சேர்மானம் இருந்தால் செம்பு அதனோடு வினைபுரிந்து கறுத்து அரிபடும். எனவே எந்தப் பேரிங்கில் எந்தக் கேஜ் இருக்கிறது என்றறியாமல் கையில் கிடைத்த கிரீஸை அடைப்பவர், கோபுரத்தின் உச்சியில் கிரேன் வைத்து இறக்கவேண்டிய செலவுக்கு அடிகோலுகிறார்.

கோபுரத்தின் அடியிலும், சூரியத் தகடுகளின் வரிசைகள் கூடும் பெட்டிகளிலும், கேபிள் உள்ளே நுழையும் துளை ஒவ்வொன்றிலும் கேபிள் கிளாண்ட் என்னும் பித்தளைத் திருகு இருக்கிறது. கேபிளைச் சுற்றி இறுகப் பிடித்து, தூசியும் மழையும் உள்ளே புகாமல் காப்பது அதன் வேலை. பலவற்றில் நிக்கல் முலாம் பூசியிருப்பதால் வெள்ளிபோல் தோன்றும். இரும்பில் செய்திருந்தால் ஐந்தாறு மழைக்காலத்தில் மரைகள் துருவால் ஒட்டிக்கொண்டு, பழுது பார்க்கும் நாளில் அறுத்தெடுக்க நேரும். பித்தளைத் திருகோ பல ஆண்டுகள் கழிந்தும் ஒரு ஸ்பேனருக்குப் பணிந்து திறக்கும். இத்தகைய பித்தளை உறுப்புகள் குஜராத் மாநிலத்து ஜாம்நகரின் ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகளிலிருந்து நாடு முழுவதும் செல்கின்றன.

மின்சாரம் பாயவேண்டிய இடத்தில் பித்தளை வருவது வேறு விஷயம். ஒரே அளவுள்ள இணைப்பைச் செம்புக்குப் பதில் 70-க்கு 30 பித்தளையில் செய்தால், மின்தடை ஏறத்தாழ மூன்றரை மடங்காகிறது. அதே மின்னோட்டத்தில் பிறக்கும் சூடும் அதே விகிதத்தில் ஏறுகிறது. சூட்டில் விரிவதும் இரவில் சுருங்குவதுமாய் இணைப்புத் தளர, தளர்ந்த இணைப்பில் தடை மேலும் ஏற, இறுதியில் பிளாஸ்டிக் உறை கருகித் தீ மூளும். விலை மலிவு என்று செம்புக்குப் பதில் பித்தளை முனை பொருத்திய இணைப்பானை மாடியில் ஏற்றுவது, அபாயத்தை ஏற்றுவதேயாகும். பட்டாசுக் கிடங்குகளுக்கு நடுவே வாழும் ஊர்களில் இதன் விபரீதத்தை விளக்கவேண்டியதில்லை.

சூரியத் தகட்டின் சட்டம் அலுமினியம்; அதை நிலத்தோடு இணைக்கும் கம்பி செம்பு. ஈரம் பட்ட இடத்தில் இவ்விரண்டும் நேராகத் தொட்டுக்கொண்டால், அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகி, அலுமினியம் வெண்பொடியாய்க் கரையத் தொடங்குகிறது. பித்தளை நேராகத் தொட்டாலும் இதே கதிதான். இதைத் தணிக்கவே இணைப்பு முனைகளுக்கு வெள்ளீயம் பூசுகிறார்கள். நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்குமுன் ஈயம் பூசுகிறவரைத் தேடி அழைத்ததும் இந்த உலோகத்தை நம்பியே. புளியின் அமிலம் செம்பைக் கரைத்து உணவில் களிம்பேற்றாமல் அந்த மெல்லிய பூச்சே காத்தது. அடுக்களையில் பூச்சுத் தேய்ந்தால் குழம்பு கெடும். மாடியில் பூச்சு இல்லையென்றால் இணைப்புக் கெடும்.

வெந்நீர் தரும் சூரிய சாதனத்தில் பித்தளைக்கு வேறொரு பரீட்சை காத்திருக்கிறது. செப்புக் குழாய்களின் முனைகளில் திருகியுள்ள பித்தளை இணைப்புகளும் வால்வுகளும், சூடான நீரில் ஆண்டுக்கணக்காய் ஊறிக் கிடக்கின்றன. கரிசல் சீமையில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பானது. அதில் குளோரைடு உப்புகள் மிகுதி. அத்தகைய நீரில், துத்தநாகம் மிகுந்த பித்தளையிலிருந்து துத்தநாகம் மட்டும் மெல்லக் கரைந்து வெளியேறிவிடுகிறது. வடிவம் மாறுவதில்லை, அளவு குறைவதில்லை, திருகின் மரைகள்கூட அப்படியே இருக்கும். ஆனால் மஞ்சளாய் இருந்த உலோகம் ஆங்காங்கே இளஞ்செந்நிறமாய் மாறியிருக்கும். அந்த இடத்தில் எஞ்சியிருப்பது சல்லடைபோல் துளைபட்ட செம்பு. ஒரு நாள் ஸ்பேனரை வைத்துச் சற்றே திருகினால், பிஸ்கோத்துப்போல் நொறுங்கிக் கையோடு வரும்.

இதற்கும் பரிகாரம் பிரமாணத்திலேயே இருக்கிறது. துத்தநாகம் 15 சதவீதத்துக்குக் குறைந்த பித்தளையை இந்நோய் அநேகமாய் அணுகுவதில்லை; ஆனால் செம்பு மிகுவதால் விலை ஏறும். வேறொரு வழி, செம்பை 62 சதவீத அளவில் வைத்து, 0.02 முதல் 0.15 சதவீதம் வரை ஆர்சனிக் சேர்த்து, ஏற்ற வெப்பத்தில் பதப்படுத்துவது. பாஷாணம் என்று நாம் அஞ்சும் அப்பொருள், ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு உலோகத்தினுள் கட்டுண்டு நின்று, துத்தநாகம் வெளியேறும் வழியை அடைக்கிறது. கடையில் இரண்டு வால்வுகளும் ஒரே நிறத்தில், ஒரே பளபளப்பில் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று இருபது ஆண்டு உழைக்கும், மற்றொன்று மூன்றாம் ஆண்டிலேயே ஒழுகக்கூடும். கண்ணுக்குத் தெரியாத அந்த வேற்றுமை, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கவேண்டிய ஒரு வரியில் இருக்கிறது.

பித்தளையின் மற்றொரு பகைவனை அடையாளம் காட்டியது இந்தியாவின் மழைக்காலமே. ஆங்கிலேயப் படையினர் இந்நாட்டில் மழை மாதங்களில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்து, வெயில் மீண்டதும் எடுத்துப் பார்த்தபோது, பித்தளை உறைகள் தாமாகவே வெடித்துக் கீறியிருப்பதைக் கண்டார்கள். பருவ மழையோடு வந்ததால் பருவ வெடிப்பு என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. குதிரைகளின் மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, காற்றின் ஈரம், உறையை இழுத்து உருவாக்கியபோது உலோகத்தினுள் தங்கிவிட்ட இறுக்கம் ஆகிய மூன்றும் கூடியதன் விளைவு அது என்பது பின்னர் தெளிவாயிற்று. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் இதை விரிவாய் ஆராய்ந்து எழுதினார்கள். மூன்றில் ஒன்றை விலக்கினாலும் வெடிப்பு நேராது. இறுதி வடிவம் பெற்ற உறுப்பை ஏறத்தாழ 300 டிகிரிக்கு மிதமாய்ச் சூடேற்றி உள்ளிறுக்கத்தைப் போக்குவதே எளிய தடுப்பு முறை.

இந்தப் பழைய பாடம் சாண எரிவாயுக் கலத்தை அமைப்பவருக்கு இன்றும் பயன்படுவது. காதி கிராமத் தொழில் ஆணைக்குழு 1960-களிலிருந்து நாடெங்கும் பரப்பிய அந்தச் சாதனத்தில், மீத்தேனோடு சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடும் எழுகிறது. தொட்டியின் சுற்றுப்புறத்தில் அம்மோனியாவின் நெடியும் உண்டு. முன்னது பித்தளை வால்வைக் கறுக்கச் செய்து அரிக்கும். பின்னது, வால்வை அளவுக்கு மீறி முறுக்கி இறுக்கியிருந்தால், அதில் கீறல் விழச் செய்யும். வாயுவை இரும்பு ஆக்சைடு நிரப்பிய குழாய் வழியே செலுத்திச் சல்பைடை நீக்குவதும், இணைப்பை முரட்டுத்தனமாய் இறுக்காதிருப்பதும், ஆண்டுக்கொருமுறை வால்வைக் கழற்றிப் பார்ப்பதும் செலவில்லாத ஜாக்கிரதைகள்.

இனி, உழைத்து முடிந்த பித்தளையின் கதியைப் பார்க்கவேண்டும். காயலான் கடைக்குப் போகும் பித்தளை வீணாவதில்லை. புதிய பித்தளையின் பெரும்பகுதி பழைய பித்தளையை உருக்கியே பிறக்கிறது. செம்புத் தாதுவில் செம்பு பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது. மீதி முழுதும் பாறை. அதைத் தோண்டி, பொடித்து, உருக்கித் தூய்மை செய்யும் சிரமத்தையும், அதனால் மண்ணும் காற்றும் படும் பாட்டையும் நினைத்தால், காயலான் கடையில் எடைபோடும் பழைய குழாயை ஒரு வளமான சுரங்கம் என்றே சொல்லலாம். நமக்கு அண்மையிலுள்ள தூத்துக்குடியில், செம்பு உருக்காலையை எதிர்த்து எழுந்த மக்கள் போராட்டத்தில், 2018 மே மாதம் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள், ஆலை மூடப்பட்டது, செம்பை ஏற்றுமதி செய்துவந்த நாடு இறக்குமதியை நாடவேண்டியதாயிற்று. செம்பு நமக்கு வேண்டும். அதை ஆக்குவதன் தீங்கு ஓர் ஊரின் தலையில் விழவும் கூடாது. இவ்விரண்டு நியாயங்களுக்கும் ஓரளவேனும் இடம் தருவது, இருக்கிற உலோகத்தைச் சிந்தாமல் மீட்கும் வழியே.

மீட்பதிலும் அளவறிவு வேண்டும். பித்தளையை உருக்கும் வெப்பம் துத்தநாகம் ஆவியாகும் வெப்பத்துக்கு மிக நெருக்கமானது. கவனிப்பாரின்றி உலை மிகையாய்ச் சூடேறினால், துத்தநாகம் வெண்புகையாய் எழுந்து போக, உலோகத்தின் பிரமாணம் மாறிவிடும். அப்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் கண்டு, மறுநாள் நீங்கும். வாரம் முழுதும் புகையிலிருப்பவர் உடல் அதற்குப் பழகி, ஞாயிறு ஓய்வில் அப்பழக்கம் நீங்கி, மறுபடி வேலைக்கு வரும் நாளில் நோய் திரும்புவதால், மேல்நாட்டு வார்ப்படத் தொழிலாளர் அதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்று அழைத்தார்கள். காரீயமுள்ள பித்தளையின் புகை இதனினும் கொடியது. காரீயம் உடலில் சேர்ந்தால் எளிதில் வெளியேறுவதில்லை, குழந்தைகளின் மூளையை அது முதலில் தாக்கும். மின்சாதனங்களில் காரீயத்தை 0.1 சதவீதத்துக்குள் அடக்கிய ஐரோப்பிய விதியே, செம்புக் கலப்புலோகங்களுக்கு மட்டும் 4 சதவீதம் வரை விலக்கு அளித்திருப்பது, காரீயமற்ற கடைசல் பித்தளை இன்னும் எளிதாகவில்லை என்பதைக் காட்டுகிறது. எனவே புகைபோக்கியும் முகமூடியும் இல்லாத வீட்டுப் புறக்கடையில் பித்தளை உருக்குவது ஒருநாளும் தகாது.

நம் அரசும் இத்துறையில் விதி வகுத்திருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த மின்கழிவு மேலாண்மை விதிகள், சூரியத் தகடுகளையும் தம் எல்லைக்குள் கொண்டுவந்து, 2034-35 வரை சேரும் தகட்டுக் கழிவைத் தயாரிப்பாளர் முறையாகச் சேமித்து வைக்கவேண்டும் என்கின்றன. கமுதியின் தகடுகள் ஓய்வு பெறும் காலத்தில், சிலிக்கானும் கண்ணாடியும் அலுமினியமும் தனித்தனியே பிரியும்போது, கேபிள் கிளாண்டும் டெர்மினலும் வால்வும் மட்டும் ஒரே மஞ்சள் குவியலாய்க் கிடக்குமானால், ஆர்சனிக் சேர்ந்ததும், காரீயம் சேர்ந்ததும், நிக்கல் பூசியதும் ஒன்றாய் உருகி, எதற்கும் நம்பிப் பயன்படுத்த முடியாத கலவைதான் மிஞ்சும். ஒவ்வோர் உறுப்பின்மேலும் அதன் பிரமாணத்தைக் குறிக்கும் முத்திரை பொறித்திருந்தால், அதே குவியல் தரம் பிரிந்த செல்வமாய்த் திரும்பி வரும்.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவானவை. வாங்குகிறவர் பித்தளையா என்று கேட்பதோடு நில்லாமல், செம்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு, காரீயம் உண்டா என்று கேட்கவேண்டும். விற்கிறவர் அதை எழுத்தில் தரவேண்டும். விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பகுதிகளின் தொழிற்பயிற்சிப் பள்ளிகளில் சூரிய சாதனம் பொருத்தக் கற்கும் இளைஞருக்கு, எந்த இணைப்பில் எந்த உலோகம், எந்த நீருக்கு எந்தப் பித்தளை என்ற பாடத்தையும் சேர்த்துக் கற்பிக்கவேண்டும். பட்டாசுத் தொழில் ஆண்டில் பாதி நாள் தடையிலும் வழக்கிலும் தத்தளிக்கும் இந்நாளில், அந்த இளைஞரிற் பலர் காற்றாலைக்கும் சோலார் வேலைக்கும் செல்லத்தான் போகிறார்கள். அவர்களுக்கு இது முற்றிலும் புதிய பாடம் அன்று. நீலச் சுடருக்குச் செம்பின் உப்பை எவ்வளவு இடவேண்டும் என்று கணிக்கும் தாய் தந்தையரின் பிள்ளைகள் அவர்கள். ஒரு சிட்டிகை மிகுந்தால் என்னாகும் என்பதைப் பிறந்த ஊரிலேயே அறிந்தவர்கள். அந்த அறிவுக்கு ஏட்டின் துணையும் நல்ல கூலியும் பாதுகாப்பும் சேருமானால், தென்னாட்டின் புதிய மின்சாரத்தை அதன் ஒவ்வோர் இணைப்பிலும் காக்கும் ஆற்றல் இக்கரிசல் மண்ணிலிருந்தே கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.